சாரி-பெல் பாலத்தில் மூடாத மந்தை

போன வருஷம் பெகிமாய் செய்த காரியத்தை அலுவலகம் மறந்தாலும் அவளுடைய அக்கா புருஷன் ரிஸ்பெக் மறக்க மாட்டான். மறக்க அவனுக்கு மனசும் இல்லை. கிர்கிஸ் வீடுகளில் மச்சினியைச் சீண்டுவது அத்தானுக்குப் பிறப்புரிமை. அதற்கு விஷயத்தையும் இவளே கொண்டுபோய்க் கொடுத்தாள் என்றால் அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

பிஷ்கெக்கில் கால்நடைப் பதிவு அலுவலகத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது பெகிமாயின் வேலை. நாட்டிலுள்ள ஒவ்வொரு ஆடும் மாடும் குதிரையும், அது கணவாய் தாண்டிய ஒவ்வொரு தடவையும், ஒரே அட்டவணையில் இருந்தன. பதினாலு கோடி வரிகள். போன மே மாதக் கடைசியில் அதில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய அட்டவணையின் அமைப்பைத் தொட்டால், அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் மொத்தத்தையும் மறுபடி எழுதி முடிக்கும் வரை யாரையும் உள்ளே விடாது. ஆகவே எல்லாரும் தூங்குகிற நேரத்தில் செய்யுங்கள் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அவளும் ராத்திரி பத்து மணிக்குக் கட்டளையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

பிஷ்கெக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். மேய்ச்சலுக்கு மேலே போகும் மந்தைகள் குளிர்ச்சிக்காக ராத்திரியில்தான் நடக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நாடு முழுக்க அந்த அட்டவணைக்கு வேலை அதிகமான நேரம் அதுதான். ஆறு மணி நேரம் ஒரு ஆட்டின் காதில் தொங்கும் எண் வில்லையைக்கூடப் பதிய முடியவில்லை. சாரி-பெல் கணவாய்ப் பாலத்தில் பதினோரு மந்தைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அந்தப் பாலத்தின் கால்நடை மருத்துவன் ரிஸ்பெக். கலந்த ஆடுகளை யார் யாருடையது என்று பிரிக்க அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதிலிருந்து குடும்ப விருந்து எதுவானாலும் அவன் வாய் சும்மா இருப்பதில்லை. "கறித் தட்ட இவகிட்ட கடைசியா குடுங்க. இவ தொட்டா எல்லாம் நின்னுடும்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும்.

இந்த வருஷம் மறுபடி அதே அட்டவணை, அதே மே மாதம். இந்தத் தடவை பிரச்சினை குதிரைகளின் நிறம்.

அட்டவணையை முதலில் வடிவமைத்துக் கொடுத்தவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள். நிறத்துக்கு ஒரு எண். ஒன்றிலிருந்து எட்டு வரை. அவர்கள் ஊரில் குதிரைக்கு எட்டு நிறம் போதும்போல. இங்கே அந்த எட்டைச் சொன்னால் நடக்கப் பழகும் குழந்தைகூடச் சிரிக்கும். போன இலையுதிர் காலத்தில் நாரினில் திருடுபோன பெட்டைக்குதிரை ஒன்று சந்தையில் அகப்பட்டது. உரியவன் கையில் இருந்த பதிவில் 'பழுப்பு' என்றிருந்தது. திருடன் கையில் இருந்த பதிவிலும் 'பழுப்பு'. நாட்டில் பாதிக் குதிரைகள் 'பழுப்பு'. குதிரை திருடனோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு ரோஷம் வந்து, ஜூன் முதல் தேதியிலிருந்து உரியவர் சொல்லும் சொல்லிலேயே நிறத்தை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது.

உத்தரவு நல்ல உத்தரவுதான். சொல்லுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று பேச ஒரு குழு கூடியது. மூன்று நாள் நிறங்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் நாற்பது எழுத்து போதும் என்று முடிவானது.

இயக்குநர் உலார்பெக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் போன வருஷம் வந்த தொலைபேசி அழைப்புகளை எல்லாம் எடுத்துப் பேசியவர் அவர்.

"இங்க பாரு பெகிமாய். இலையுதிர் காலத்துல செய்யலாமேன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஜூன் ஒண்ணுதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. செய். ஆனா எந்தப் பாலத்துலயாவது ஒரு மந்தை நின்னுச்சுன்னு ஒரு போன் வந்தாக்கூட, அன்னிக்கே எல்லாரும் நோட்டுப் புத்தகத்துக்குப் போயிடுவோம். உன் பிரிவும் இருக்காது."

"சரி அண்ணே" என்றாள். வேறென்ன சொல்வது? எட்டு வருஷ உழைப்பு. பயந்துதான் இருந்தாள், அதை மறைப்பதற்கில்லை.

இந்தத் தடவை புத்தகத்தைத் திறக்கவில்லை. ரிஸ்பெக்குக்குப் போன் போட்டாள்.

"அத்தான், ஆடு எப்போ படுக்கும்?"

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "எட்டு வருஷமா நாட்டு ஆட்டையெல்லாம் பெட்டிக்குள்ள வெச்சிருக்க, இப்பத்தான் இதக் கேக்கத் தோணுச்சா?"

"சொல்லுங்க அத்தான்."

"மத்தியானம் ஒண்ணுலேருந்து மூணு. வெயில்ல ஆடு படுத்துடும். மேய்க்கிறவனும் படுத்துடுவான். நானும் படுத்துடுவேன். எங்களுக்கு அதான் ராத்திரி."

வேலையை அவள் இப்படி வகுத்துக்கொண்டாள். பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் வெறும் புது அட்டவணை ஒன்று. அதில் நிறத்துக்கு எண் கிடையாது, சொல்தான். பழையதிலிருந்து ஆயிரம் ஆயிரம் வரிகளாக அள்ளிப் புதியதில் போடுவது. நடுவில் பாலங்களிலிருந்து வரும் புதுப் பதிவுகள் இரண்டிலும் விழும். எல்லாம் வந்து சேர்ந்ததும் இரண்டின் பெயரையும் ஒரே நொடியில் மாற்றிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. யாரும் ஆறு மணி நேரம் நிற்க வேண்டாம்.

சும்மா கிடைக்கிற காரியமா அது? ஒவ்வொரு ஆட்டையும் இரண்டு தடவை எழுதுவதால் சர்வர் திணறியது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ரிஸ்பெக் கூப்பிட்டான்.

"மச்சினி, ஆடு ஓடுது, உன் பெட்டி நொண்டுது."

"ரொம்பவா?"

"ஒரு காதப் படிச்சிட்டு அடுத்த காதுக்குள்ள கொட்டாவி விட்டுடலாம்."

உடனே அள்ளுவதை நூறு நூறு வரியாகக் குறைத்தாள். நொண்டல் நின்றது. அதற்குப் பிறகு அவளுக்குக் கை பழகிவிட்டது. விடியற்காலையில் மந்தைகள் மொய்க்கும்போது மெதுவாக, மத்தியானம் அவை படுத்ததும் வேகமாக, சாயங்காலம் மறுபடி மெதுவாக. திரையில் ஏறியிறங்கும் கோட்டைப் பார்த்தே சூய் பள்ளத்தாக்குப் பக்கம் மழை பெய்கிறதா, மந்தைகள் தயங்குகின்றனவா என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். மேசையில் தேநீரும் ரொட்டியும் ஆறிக்கொண்டிருக்க, வரிகள் ஒழுங்காகப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குச் சுகமாக இருந்தது. வியாழக்கிழமை தன்னை அறியாமல் ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசி வரியும் வந்து சேர்ந்தது. இரண்டு அட்டவணையையும் ஒப்பிட்டாள். ஒரு வால்கூடக் குறையவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து சர்வரில் இருந்த இடத்தையெல்லாம் தின்றுவிட்டன. மிச்சம் இருந்தது அன்று சாயங்காலம் வரைக்கும்தான். மந்தைகள் எழுந்து நடக்கத் தொடங்கும் மூன்று மணிக்குள் பெயர் மாற்றாவிட்டால் புது அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டும். தவறினால் எல்லாப் பாலமும் நின்றுவிடும்.

ஒன்றேகால் மணி. பாலங்களில் இருக்கும் பத்துச் சோதனைச் சாவடிகளையும் பார்த்தாள். ஒன்பது அமைதியாக இருந்தன. பத்தாவதில் ஒரு மந்தை திறந்திருந்தது. சாவடியின் பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாரி-பெல்.

மந்தை திறந்திருப்பது என்பது அவர்களே வைத்துக்கொண்ட வம்பு. இங்கே எந்த மேய்ப்பரிடமும் உன்னிடம் எத்தனை ஆடு என்று கேட்க முடியாது. எண்ணிக்கையை வாயால் சொன்னால் கண் பட்டுவிடும். மந்தையைப் பாதியில் நிறுத்தி இதுவரை இத்தனை என்று எழுதுவது அதைவிட ஆகாத காரியம். ஆகவே அட்டவணைக்கு மென்பொருள் எழுதியபோது பெகிமாயும் அவள் ஆட்களும் ஒத்துக்கொண்டார்கள்: முதல் ஆடு பாலத்தில் கால் வைத்ததும் மந்தையின் பதிவு திறக்கும், கடைசி ஆடு தாண்டியதும் மருத்துவர் மூடுவார், அப்போதுதான் எல்லாம் ஒரே மூச்சில் பதிவாகும். வேறு எந்த நாட்டில் இப்படி எழுதினாலும் எழுதியவனை வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்கள்.

திறந்த பதிவு ஒன்று இருக்கும்வரை பெயர் மாறாது. மாற்றத்தைக் காத்திருக்கச் சொன்னால், அதன் பின்னால் வருகிற எல்லாரும் சேர்ந்து காத்திருப்பார்கள். போன வருஷக் கதைதான். அதனால் ஐந்து நொடிக்குமேல் காத்திருக்காதே என்று கட்டளையிலேயே சொல்லியிருந்தாள். கொடுத்தாள். ஐந்து நொடி கழித்து முடியவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி அதே பதில்.

சாரி-பெல்லின் இணைப்பைத் துண்டித்துவிடலாம். ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் காலையிலிருந்து பாலம் தாண்டிய ஆடுகளின் பதிவெல்லாம் காற்றில் போய்விடும். ஏறிய மந்தையைத் திருப்பி இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அது மந்தையை நிறுத்துவதைவிட மோசம். அந்த வரியை எழுதினாள், அழித்தாள்.

ரிஸ்பெக்குக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. அக்கா ஜிபாரைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அத்தான் எங்க இருப்பாரு?"

"மணி என்ன?"

"ஒண்ணரை ஆகப் போகுது."

"சாப்புட்டுக்கிட்டிருப்பாரு. பாலத்துக்கு மேல முதல் கூடாரம் ஆசெலோடது. இன்னிக்கு யாரோ மந்தையோட மேல ஏறுறாங்க, அவங்களுக்கு விருந்து வெக்கிறாளாம். போனை வண்டியிலயே வெச்சிட்டுப் போயிருப்பாரு. இரு, ஆசெல் நம்பர் தர்றேன்."

ஆசெல் எடுத்தாள். பின்னால் சிரிப்பும் கிண்ணச் சத்தமும் கேட்டன. போன் நாலைந்து கை மாறி ரிஸ்பெக்கிடம் போயிற்று.

"மச்சினி, கொஞ்சம் பொறு. விருந்தாளி மரியாதைன்னு ஆட்டுத்தலைய எனக்கு வெச்சிருக்காங்க. காத அறுத்துப் புள்ளைங்களுக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

"தலையை அப்புறம் பாருங்க அத்தான். மந்தைய மூடுங்க."

"எப்படி மூடுறது? வாலு இன்னும் அந்தக் கரையில படுத்திருக்கு. வெயில்ல எழுந்திருக்க மாட்டேங்குது."

"வந்த வரைக்கும் மூடிட்டு, மிச்சத்த வேற மந்தையாப் போட்டா என்ன?"

"மெதுவாப் பேசு" என்று ரிஸ்பெக் குரலைத் தாழ்த்தினான். "மந்தைக்காரி சாய்ராகான் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

தாழ்த்தி என்ன பயன்? அடுத்து போனில் வந்தது பெண் குரல்.

"யாரது, என் மந்தைய ரெண்டா வெட்டச் சொல்றது?"

"பெகிமாய் பேசறேன் அக்கா. பதிவு ஆபீஸ்லேருந்து."

"ஓகோ. போன வருஷம் ராத்திரி கதவச் சாத்துன பொண்ணா நீ?"

"அந்தப் பொண்ணுதான் அக்கா."

"பரவால்ல, இல்லன்னு சொல்லல. அந்தப் பதினோரு மந்தையில என்னோடதும் ஒண்ணு. ஒரு கடா இன்னும் கெடைக்கல. சரி, இன்னிக்கு எதுக்கு இந்த அவசரம்?"

"குதிரையோட நிறத்த இனிமே நீங்க சொல்ற சொல்லுலயே எழுதப் போறோம். அதுக்கு ஒரே ஒரு நொடி எல்லா மந்தையும் மூடியிருக்கணும். நாடு முழுக்க உங்களது ஒண்ணுதான் தெறந்திருக்கு. மூணு மணிக்குள்ள ஆகலன்னா எல்லாம் வீண். நோட்டுப் புத்தகத்துக்குப் போயிடுவாங்க."

சாய்ராகான் கேட்டாள்: "உன் பெட்டியில என் குதிரைங்க என்ன நிறம்னு இருக்கு?"

பெகிமாய் தேடினாள். மூன்று குதிரைகள் இருந்தன. "பழுப்பு அக்கா."

"எது பழுப்பு?"

"மூணுமே."

சாய்ராகான் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. பிறகு கூடாரத்தைப் பார்த்துப் போட்ட அதட்டலில் பெகிமாயின் காது அடைத்தது. "எழுந்திருங்க எல்லாரும். தின்னது போதும். டாக்டர், நீயும்தான்."

"தலை ஆறிடுமே" என்று ரிஸ்பெக்கின் குரல் தூரத்தில் கேட்டது.

"ஆறட்டும். செத்த ஆடு எங்க ஓடிடப் போகுது? உயிரோட இருக்கறத எழுப்பு."

போனை யாரோ சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள், அணைக்கவில்லை. பெகிமாய்க்கு இறைக்கும் மூச்சும், நாய்க் குரைப்பும், விசிலும் கேட்டுக்கொண்டே இருந்தன. விருந்துக்கு வந்த ஒரு கூடாரத்து ஜனமே உச்சி வெயிலில் இறங்கி, படுத்த ஆடுகளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. ஒரு ஆடு எழுந்தால் இன்னொன்று படுத்தது. யாரோ பாலத்தில் வழுக்கினார்கள், எல்லாரும் சிரித்தார்கள். மணி ஒன்று ஐம்பது. இரண்டு. இரண்டேகால். மற்ற சாவடிகளில் எந்த மந்தையாவது சீக்கிரம் எழுந்துவிடுமோ என்று அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மச்சினி" என்று ரிஸ்பெக் மூச்சு வாங்கினான். "மூடியாச்சு."

திரையில் சாரி-பெல் அணைந்தது. அவள் கட்டளையைக் கொடுத்தாள். ஒரு நொடியில் கால்வாசிகூட ஆகவில்லை. பழையது புதியதாகிவிட்டது. பத்துச் சாவடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கோ ஒரு மாடு பதிவாயிற்று, சரியான இடத்தில். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். இவ்வளவு ருசியான தேநீரை அவள் குடித்ததில்லை.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ரிஸ்பெக் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை அவன் போனிலிருந்தே.

"மச்சினி, உன் புதுப் பெட்டி பத்தல."

"என்ன பத்தல?"

"சாய்ராகான் குதிரையப் புடிச்சிக்கிட்டு என் எதிர்ல நிக்கிறாங்க. அவங்க சொல்றதுல பாதி எழுதறதுக்குள்ள இடம் இல்லங்குது. சுருக்கிச் சொல்லுங்கன்னா அடிக்க வர்றாங்க."

நாற்பது எழுத்து. மூன்று நாள் சண்டை போட்ட குழு. பெகிமாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முழுசாச் சொல்லச் சொல்லுங்க அத்தான். ஒரு நிமிஷம் குடுங்க."

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டே உலார்பெக் உள்ளே வந்தார். "எப்போ ஆரம்பிக்கப் போற? பயப்படாதே, எல்லாச் சாவடிக்கும் நோட்டு அனுப்பி வெச்சிட்டேன்."

"முடிஞ்சுடுச்சு அண்ணே. இப்போ கொஞ்சம் நீட்டிக்கிட்டிருக்கேன்."

அவர் முகம் வெளுத்தது. "மறுபடியுமா? இன்னும் நாலு நாளா?"

"இல்லண்ணே. எண்ணைச் சொல்லா மாத்தறதுக்குத்தான் எல்லா வரியையும் திருப்பி எழுதணும். சொல்லுக்கு இடத்த நீட்டறதுக்கு ஒரு வரியையும் தொட வேண்டாம்." பேசிக்கொண்டே நாற்பதை இருநூறாக்கினாள். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அது முடிந்துபோயிருந்தது. "எழுதுங்க அத்தான்."

சாரி-பெல்லிலிருந்து புது வரி ஒன்று வந்தது. உலார்பெக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சத்தமாகவே படித்தார்.

"காய்ந்த புல் மஞ்சள், முதுகோடு கறுப்புக் கோடு, பிடரியும் வாலும் புகைக் கறுப்பு, முழங்காலில் ஓநாய் வரி, இடது பின்கால் மட்டும் குளம்பிலிருந்து பாதிவரை பால் வெள்ளை."

அவர் படிப்பதை நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை மனசுக்குள், படித்தார்.

"இந்தக் குதிரைய எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படிண்ணே?"

"போன கோடைப் பந்தயத்துல என் மச்சானோட குதிரைய கடைசி வளைவுல முந்திட்டுப் போனது இதுதான். யாருதுன்னுகூட எனக்குத் தெரியாது. புழுதிக்குள்ள அந்த வெள்ளைப் பின்கால் ஒண்ணுதான் தெரிஞ்சுச்சு. இன்னும் கண்ணுலயே நிக்குது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு சொல்லு எழுதிட்டா குதிரையே வந்து நிக்குது பாரு."

பெகிமாய் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

அவர் மேசைமேல் இருந்த போனை எடுத்து, அனுப்பிய நோட்டுகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும்படி ஒவ்வொரு சாவடிக்கும் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து போவார் என்று பார்த்தாள். போகவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"என் குதிரைக்கு என்ன போட்டிருக்கு, கொஞ்சம் பாரேன்."

பார்த்தாள். "பழுப்பு அண்ணே."

"அதையா பழுப்புன்னு எழுதினானுங்க" என்றார், நிஜமாகவே அடிபட்டவர்போல. சட்டப்படி மருத்துவர் நேரில் பார்த்துத்தான் நிறத்தைப் பதிய வேண்டும். இருவருக்கும் அது தெரியும். இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காது நுனியிலிருந்து ஆரம்பித்தார். பெகிமாய் எழுதிக்கொண்டாள்.